கல்லும் தகடும்

கடலுக்குள் முங்கப் போகிற ஒருத்தருக்கு முதலில் என்ன வேண்டும்? காற்று என்பீர்கள். நான் கேட்ட நண்பர்கள் எல்லாருமே அதைத்தான் சொன்னார்கள். காற்று இரண்டாவது. முதலில் வேண்டியது கனம். உப்புத் தண்ணீரில் மனுஷ உடம்பு லேசில் முங்காது. அதிலும் என்னைப் போல நாற்காலியில் உட்கார்ந்தே வயிறு வளர்த்த ஆசாமி என்றால், கடல் 'போடே அந்தப் பக்கம்' என்று மேலே தள்ளிவிடும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் இதற்கு ஒரு கல் வைத்திருந்தார்கள். கயிற்றில் கட்டிய கனமான கல். அதைக் காலால் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, விர்ரென்று இறங்குவார்கள். தரை தட்டியதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர்கள் அதை மேலே இழுத்துக்கொள்வார்கள். சிப்பி பொறுக்கி முடிந்ததும் இடுப்புக் கயிறு ஆடும், மேலே இருப்பவர் ஆளை இழுப்பார். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வது உண்டு. உடன்பிறந்தவளின் தாலி விஷயம் அல்லவா, அசந்து தூங்க மாட்டான்! தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோனது.

எங்கள் குமரி மாவட்டத்தில் கடியப்பட்டணம், முட்டம், குளச்சல் பக்கம் பாறைச் சிப்பி எடுக்கிறவர்களுக்கு அந்தக் கல்லும் கிடையாது. முகத்தில் ஒரு கண்ணாடி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பெயர்க்க ஒரு இரும்பு, இடுப்பில் ஒரு வலைப்பை. அவ்வளவுதான் மூலதனம். நாகர்கோவில் வீடுகளில் மரச்சீனிக் கிழங்கோடு ருசித்துச் சாப்பிடுகிற சிப்பிக்குப் பின்னால், ஒருத்தர் மூச்சடக்கிய நிமிஷங்கள் இருக்கின்றன.

இந்த ஊர்க்காரனான நான் நாற்பதைத் தாண்டிய பிறகு ஸ்கூபா கற்றுக்கொள்ளப் போனேன். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி கேரளத்துக் கோவளம். (கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோவளம் இருக்கிறது. பஸ் ஏறும்போது கவனம்!) முதலில் எல்லாம் வாடகைச் சாமான்தான். முதுகில் சிலிண்டர், அதைத் தாங்க ஒரு காற்றடைக்கும் ஜாக்கெட், இடுப்பில் ஈயக் கட்டிகள். ஒரு ஊரில் என் இடுப்பில் எட்டு கிலோ ஈயம் கட்டி அனுப்பினார்கள். புதிதாக வருகிறவர்கள் மிதந்து மானத்தை வாங்கக் கூடாது என்று ஈயத்தைக் கூட்டிக் கட்டுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். தண்ணீருக்குள் போனதும் கிணற்றில் போட்ட அம்மி மாதிரி இறங்கினேன். ஜாக்கெட்டில் காற்றை நிரப்பினால் விலா எலும்பு நெரிந்தது, விட்டால் தரை தட்டியது. மேலே வந்ததும் முடிவு செய்தேன், என் அளவுக்கு என் சாமான்.

அப்போதுதான் பேக்பிளேட்-விங் என்ற சமாசாரம் காதில் விழுந்தது. விஷயம் எளிது. முதுகில் ஓர் உலோகத் தகடு. அதில் கோத்த இரண்டு அங்குல அகலமுள்ள ஒரே நீள நைலான் வார், தோள், இடுப்பு எல்லாவற்றையும் அதுவே சுற்றி வரும். கால்களுக்கு நடுவே இன்னொரு வார். தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் காற்றடைக்கும் ஒரு பை. அதன் பெயர்தான் விங், இறக்கை. காற்று முழுக்க முதுகுப் பக்கம், நெஞ்சு ஃப்ரீ. 1979-இல் வட ஃபுளோரிடாவில், தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் நீந்துகிறவர்களுக்காக கிரெக் ஃபிளானகன் என்பவர் உருவாக்கியது. குகைக்குள் தலைக்கு மேலே வானம் கிடையாது. அதனால் ஒரு கொக்கி, ஒரு வளையம்கூட அநாவசியமாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

வாங்குவது என்று தீர்மானித்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டான். எஃகுத் தகடா, அலுமினியத் தகடா? எஃகு இரண்டரை முதல் மூன்று கிலோ. அலுமினியம் ஒரு கிலோ சுமார். எஃகு வாங்கினால் அந்த அளவுக்கு ஈயம் குறையும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றார் ஒரு நண்பர். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அந்தச் சமயத்தில் நண்பரின் எஃகுத் தகட்டை இரவல் வாங்கி வைத்திருந்தேன். கடியப்பட்டணத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர், இளவயதில் சிப்பி எடுத்தவர், அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, தோசைக்கல்லு மாதிரி கனக்கு?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"செரி, கீழ போறதுக்குக் கனம் வேணும். போன பொறவு இதக் களத்திப் போட முடியுமா?"

"முடியாது. முதுகோட கட்டியிருக்கும்."

"அப்போ மேல வர்றதுக்கு உள்ள வழிய மொதல்ல பாருங்க."

கல்லை விட்டுவிடலாம். தகட்டை விட முடியாது. ஏட்டில் இருபது பக்கம் படித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி இது. அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் மிதப்பு, வலது பக்கம் கனம். கடைசியில் இரண்டும் டாலி ஆக வேண்டும். ஆர்க்கிமிடீஸும் ஒருவகையில் கணக்குப்பிள்ளைதானே?

என் கணக்கைச் சொல்கிறேன். உங்கள் உடம்புக்கு நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் பெரும்பாலும் கிடைப்பது 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். நிரம்பியிருக்கும்போது கொஞ்சம் முங்கும், காலியானதும் கிட்டத்தட்ட 2 கிலோ மிதக்கும். காரணம், உள்ளே அடைத்த காற்றே சுமார் இரண்டரை கிலோ எடை! அதை மூச்சாக இழுத்துத் தீர்க்கத் தீர்க்க நீங்கள் லேசாகிக்கொண்டே வருகிறீர்கள். ஆகவே கணக்கை முடிவில் இருந்துதான் போட வேண்டும். காலி சிலிண்டர் 2, மூன்று மில்லிமீட்டர் ரப்பர் உடுப்பு 2, என் உடம்பு ஒன்றரை. மொத்த மிதப்பு ஐந்தரை கிலோ. எதிர்ப் பக்கம், ரெகுலேட்டர் 1, எஃகுத் தகடு தண்ணீருக்குள் இரண்டரை. பாக்கி 2 கிலோ ஈயம். அலுமினியத் தகடு என்றால் பாக்கி 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இதுவரை எஃகுதான் லாபம். இப்போது ரப்பர் உடுப்பைக் கழற்றிவிட்டு வெறும் பனியன் மாதிரி ஒன்றோடு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். நம் கடல் வெதுவெதுப்பில் பலர் அப்படித்தான் இறங்குகிறார்கள். 2 கிலோ மிதப்பு போச்சு. எஃகுத் தகட்டோடு ஈயமே தேவையில்லை. அதாவது, ஆபத்து என்றால் உதறிவிட உங்களிடம் ஒன்றுமே இல்லை. இன்னொரு பக்கம், உடுப்போடு 20 மீட்டர் ஆழம் போனால் அழுத்தத்தில் ரப்பர் நசுங்கி ஒரு கிலோவுக்கு மேல் மிதப்பு குறையும். நிரம்பிய சிலிண்டர் காற்று இரண்டரை. ஆக, இறங்கின புதிதில் ஏறக்குறைய 4 கிலோ கூடுதலாகக் கனப்பீர்கள். அந்த நேரம் பார்த்து விங் கிழிந்தால்? 4 கிலோவைக் காலால் உதைத்து மேலே கொண்டு வரலாம், ஆனால் திணறும். இடுப்பில் இருந்து 2 கிலோ ஈயத்தைக் கழற்றிவிட்டால் பாதி பாரம் போய்விடும்.

நான் அலுமினியம் வாங்கினேன். எப்போதும் உடுப்போடுதான் இறங்குவேன் என்கிறவருக்கு எஃகும் தப்பில்லை. எஃகு சிலிண்டரும் எஃகுத் தகடும் மெல்லிய உடுப்பும் சேர்ந்தால்தான் அம்மிக் கதை.

விங் வாங்கும்போது கடைக்காரர் பெரியதைத்தான் காட்டுவார். 'பிற்காலத்தில் இரட்டை சிலிண்டர் போடலாம் சார்' என்பார். மூத்த பையன் வளருவான் என்று இரண்டு சைஸ் பெரிய யூனிஃபார்ம் தைத்த கதை ஆகிவிடும். மேலே நான் போட்ட 4 கிலோவையும், கரையேறும் முன் தலையைத் தண்ணீருக்கு மேலே வைக்க வேண்டியதையும் சேர்த்தாலும் 13 கிலோ தூக்கும் விங் ஒற்றை சிலிண்டருக்குத் தாராளம். பெரிய பையில் காற்று மூலைக்கு மூலை ஓடி உங்களைச் சாய்க்கும்.

தகடு எஃகு என்றால் 316 ரகம்தானா என்று கேளுங்கள். எங்கள் கடற்கரை ஊர்களில் கதவுக் கீல் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வாரை இறுக்கிக் கட்டாதீர்கள். கையைப் பின்னால் வளைத்தால் தகட்டின் மேல் விளிம்பு விரலில் தட்டுப்பட வேண்டும், தோளில் உள்ளங்கை நுழைய வேண்டும். கடலை விட்டு வந்ததும் விங்கின் உள்ளேயும் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். உள்ளே காய்ந்த உப்பு, பையை அறுக்கும்.

முதல் தடவை கழுத்தளவு, ஆளளவு ஆழத்தில் சோதியுங்கள். சிலிண்டரில் காற்று ஏறக்குறைய தீர்ந்த நிலையில், விங்கைக் காலி செய்து, சாதாரணமாக மூச்சு வைத்துக்கொண்டு ஆடாமல் நின்றால் தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேரே வர வேண்டும். அதற்கு மேல் கட்டும் ஒவ்வொரு கட்டி ஈயமும் அநாவசியச் செலவு. ஈய பெல்ட்டின் பக்கிள் ஒற்றைக் கையால் இழுத்தால் திறக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை பாருங்கள்.

அப்புறம், கூட வருகிறவர். தனியாகப் போகக் கூடாது என்பது ஸ்கூபாவில் பாலபாடம். இறங்கும் முன் ஒருத்தர் சாமானை ஒருத்தர் தொட்டுப் பார்க்க வேண்டும், எந்த பக்கிள் எங்கே, ஈயம் எப்படிக் கழலும் என்று. என்னோடு வருகிறவர் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி. ஒவ்வொரு தடவையும் என் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைப்பான். அக்காவுக்குப் பயந்துதான்!