பாவும் ஊடையும்

புகைப்படக்காரர் இன்னும் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு பட்டுப்புடவை. அதன் ஓரத்தைத் தூக்குகிறார், சாய்க்கிறார், உள்ளங்கையில் ஒரு மடிப்பு மடித்து அதன் முதுகை உற்றுப் பார்க்கிறார். வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ. ஆவணி பிறந்துவிட்டது. இப்போது எடுத்தால்தான் தீபாவளிக்குக் கடை வாசலில் பேனர் ஏறும், பத்திரிகையில் முழுப் பக்கம் வரும். எல்லோருக்கும் அவசரம். அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

விளக்குப் பெட்டிகள் அடுக்கிய மூலையில் நான் இருக்கிறேன். இங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. யார் காலிலும் இடறாமல் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான்.

புடவை மயில்கழுத்து நிறம். பாவு நீலம், ஊடை பச்சை. அசைக்க அசைக்க ஒன்று மறைந்து மற்றது எழுகிறது. கரை அரக்கு. காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவு. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் வெவ்வேறு நாடாவில் ஓடி, சேருமிடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். மூன்று நாடா போட வேண்டும், தறியில் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு கையும் வேண்டும். அந்தச் சேர்மானத்தில்தான் புகைப்படக்காரரின் கட்டைவிரல் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது.

எதிர்ச் சுவரில் ஏஜென்சியிலிருந்து வந்த பெண் மூட் போர்டு ஒட்டியிருக்கிறாள். நடுவில் ரவி வர்மா. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறதே, 1889 வாக்கில் வரைந்த அந்த ஓவியம்: வாத்தியங்களோடு கூடியிருக்கும் 11 பெண்கள், ஆளுக்கொரு பிரதேசத்து உடை. பக்கத்தில் அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென்னின் படங்கள் இரண்டு. பின்னால் சாம்பல் நிறத் திரை, வேறொன்றும் கிடையாது. 1950-ல் பாரிஸில் கிடைத்த ஒரு பழைய நாடகத் திரையை அவர் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தார். இந்த ஸ்டூடியோவிலும் அந்தச் சாயலில் ஒரு கித்தானைச் சாம்பலும் பழுப்புமாகத் தீட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் புடவைப் படம், நகைப் படம் என்றாலே யாராவது ஒருவர் ரவி வர்மாவை எடுத்துவந்துவிடுகிறார். 2020 நாட்காட்டிக்காக ஜி. வெங்கட் ராம் நம் நடிகைகளை அந்த ஓவியப் பெண்களாகவே நிறுத்திப் படமெடுத்தார். சுஹாசினி மணிரத்னத்தின் நாம் அமைப்புக்காகச் செய்தது அது. இதைப் பழக்கதோஷம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதன் பிறகுதான் சரிகைப் புடவை உடுத்திய லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் அந்த மரபைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள், சிவகாசி அச்சகங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பட்டின் மடிப்பில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்பதை நம் கண் பூஜையறைச் சுவரில்தான் படித்தது. இந்தப் புகைப்படக்காரரின் கண்ணும் அங்கே படித்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் அவர் அந்தச் சுவரை ஒரே ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பவே இல்லை.

மாடல் வந்து நிற்கிறாள். புடவை கட்டிவிடும் அக்கா வாயில் நாலைந்து ஊக்குகளைக் கவ்வியபடி அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவி, உள்பக்கம் பின் குத்தி, அடியில் நீராவிப் பெட்டியைக் காட்டி ஆறவிடுகிறார். முன்னாலிருந்து பார்த்தால் கோயில் சிலைக்குச் சாத்தியது போல இருக்கிறது. பின்னால் ரவிக்கையை இழுத்துப் பிடித்து வரிசையாகக் கிளிப்புகள். கட்டிய பிறகு அந்தப் பெண் உட்கார முடியாது. ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

“அக்கா, மூச்சு விடலாமா?” என்கிறாள்.

“மெதுவா விடும்மா. கொசுவம் அசையும்.”

முதல் விளக்கு எரிகிறது. சோதனைக்கு ஒரு படம். கேமராவிலிருந்து ஓடும் கம்பி வழியாகப் படம் உடனே மானிட்டரில் வந்து விழுகிறது. கரை முழுக்க வெள்ளைத் திட்டு. சரிகை வெந்துபோயிருக்கிறது.

சரிகை என்பது பட்டிழை மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்கு மேல் தங்கம் ஏற்றியது. உலோகம். கண்ணாடியின் குணம்தான் அதற்கும். எதிரில் எது இருக்கிறதோ அதைத் திருப்பிக் காட்டும். எதிரில் சின்ன விளக்கு இருந்தால் சின்ன வெள்ளைப் புள்ளியைக் காட்டிவிட்டு மற்ற இடத்தை இருட்டாக்கிவிடும். அதனால் சரிகைக்கு வெளிச்சம் போட்டால் போதாது. அது பார்ப்பதற்கு நல்ல காட்சியாக ஒன்றை எதிரில் வைக்க வேண்டும்.

“அண்ணே, ஸ்கிம்மரை மேலே கட்டிரலாமா?”

லைட்மேன் அண்ணன் பதில் சொல்வதில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறார். எட்டுக்கு எட்டு அடி வெள்ளைத் துணி ஒன்று மாடலின் தலைக்கு மேல், சற்று முன்பக்கமாகச் சாய்ந்து ஏறுகிறது. விளக்கு அதற்குப் பின்னால் போகிறது. அடுத்த படத்தில் சரிகை பொன்னாகிவிட்டது. ஆனால் தட்டை. மஞ்சள் பெயிண்ட் அடித்த மாதிரி. புகைப்படக்காரர் நீளமான கறுப்பு அட்டை ஒன்றை வாங்கி, வெள்ளைத் துணியின் ஓரமாகத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறார். கரையிலிருந்த தாழம்பூ ரேக்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓரத்தில் மெல்லிய இருட்டு ஒன்று வந்து உட்காருகிறது. இப்போதுதான் பொன்னுக்குக் கனம் வந்தது. ஒரு கறுப்பு அட்டையால்.

ஏஜென்சிப் பெண் கை தட்டினாள். அங்கேயே முடித்திருக்கலாம்.

கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி. காலையிலிருந்து புடவை மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமல் எழுந்து மானிட்டர் பக்கம் வந்தார்.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. இது மயில்கழுத்து இல்லையே. பச்சை செத்துக் கிடக்குது.”

உதவியாளன் உடனே சாம்பல் அட்டையைக் காட்டினான். 18 சதவீத ஒளியைத் திருப்பும் அட்டை அது. அதை வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்த்திருந்தார்கள். கணக்குப்படி நிறம் சரி. இணையத்தில் பார்த்து வாங்குகிறவர்கள் நிறம் மாறியிருக்கிறது என்று புடவையைத் திருப்பி அனுப்பக்கூடாதே என்று, அவன் அதில் கண்ணும் கருத்துமாக இருந்தான். புகைப்படக்காரர் அட்டையைப் பார்க்கவில்லை. பெரியவரைப் பார்த்தார்.

“ஏன் ஐயா செத்துப்போச்சு?”

பெரியவர் மாடலுக்குப் பக்கத்தில் போய், புடவையைத் தொடாமல், விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். “பாவு புடவையோட நீளத்துக்கு ஓடும். இடுப்பைச் சுத்திக் கட்டுறப்ப அது படுத்துரும். கொசுவத்துல நிக்கிறது ஊடைதான், பச்சை. தோள்ல போட்டுப் பின்னால தொங்கவிட்டா அங்க பாவு எந்திரிச்சு நிக்கும், நீலம். ஒரே புடவைதான். இடுப்புல ஒண்ணு, முதுகுல ஒண்ணு.”

புகைப்படக்காரர் நெடுநேரம் பேசவில்லை. மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார், கொசுவத்தைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். இழை என்பது உருண்டையானது. மேலிருந்து வரும் வெளிச்சம் படுத்திருக்கும் இழையின் முதுகில்தான் மின்னும். நின்றிருக்கும் இழை மின்ன வேண்டுமென்றால் வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும். அவர் வைத்திருந்தது மேல் விளக்கு மட்டும். அதனால்தான் கொசுவம் முழுக்க நீலமாகிக் கிடந்தது.

இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கை சொன்னது. “அண்ணே, ஸ்ட்ரிப் ஒண்ணு. இடது பக்கம். கீழே இறக்கி.” ஆளுயரத்துக்கு, அகலம் குறைந்த விளக்குப் பெட்டி ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது. முதலில் மிக அருகில். முழங்கைப் பக்கம் பளீரென்றது, மறுபக்கத்துக் கொசுவம் இருண்டது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் என்பதால் அருகிலிருக்கும் விளக்கு இப்படித்தான் ஓரவஞ்சனை செய்யும். பின்னால் தள்ளினார்கள். விளக்கின் பலத்தைக் கூட்டினார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள்.

கொசுவத்தின் ஒவ்வொரு மேட்டிலும் பச்சை எழுந்தது. பள்ளங்களில் நீலம் நின்றது. மாடல் இலேசாக இடுப்பைத் திருப்பியபோது ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் பச்சை தாவிப் போனதை அந்த மூலையிலிருந்தே பார்த்தேன். ஏஜென்சிப் பெண் செல்பேசியை இறக்கிவிட்டாள். பெரியவர் எதுவும் சொல்லாமல் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். அவருக்கு இது புதிதில்லை.

விளம்பரப் படத்துக்கான கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஏதோ ஒரு மின்னல் கதைதான் வேண்டியிருக்கிறது. நான் பார்த்த வரையில், கற்பனை அந்தப் பொருளைச் செய்தவனின் அறிவுக்குள் உறங்கிக் கிடக்கிறது. சுவரில் ஒட்டிய படங்கள் ரசனையைத் தீட்டித்தரும், அந்தக் கடனை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் புடவைக்கு இந்த விளக்கு என்பதைத் தறியை அறிந்தவர்தான் சொல்ல முடிந்தது. அதைக் கேட்டுக்கொள்ளும் காது புகைப்படக்காரருக்கு இருந்தது. அவருடைய திறமையில் பாதி அந்தக் காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. முந்தானை பறக்க வேண்டும் என்றார்கள். உதவியாளன் முந்தானையின் நுனியைப் பிடித்து, “ரெடி மேடம், ஒன், டூ…” என்று வீசிவிட்டுச் சட்டத்துக்கு வெளியே குனிந்து ஓடினான். ஃப்ளாஷ் மின்னி அணையும் அந்த ஒரு கணத்தில் முந்தானை காற்றில் நின்றிருக்க வேண்டும், அவன் கை நின்றிருக்கக் கூடாது. ஒரு படத்தில் அவனுடைய முழங்கை. ஒன்றில் மாடலின் முகத்தையே முந்தானை மூடியது. ஒன்றில் எல்லாமே அழகாக விழுந்திருந்தது, ஆனால் கரை உள்பக்கமாகச் சுருண்டு கோர்வை மறைந்துவிட்டது. அந்தப் படத்தைத்தான் ஏஜென்சிப் பெண்ணுக்குப் பிடித்தது. புகைப்படக்காரர் அதற்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்துவிட்டு, மாடலின் முன்கையைச் சற்று உயர்த்தச் சொல்லி, பறக்காத முந்தானையோடு இன்னும் சில எடுத்தார். அதில் அரக்குக் கரையும் மயில்கழுத்தும் கோத்துக்கொள்ளும் பல் வரிசை, பக்க விளக்கின் ஒளி சரியாக விழும் மேட்டில் வந்து நின்றது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பேச்சு நீண்டது. பறப்பது பேனருக்கு, நிற்பது பத்திரிகைப் பக்கத்துக்கு என்று முடிவாயிற்று. எனக்குப் பத்திரிகைப் பக்கத்துக்குப் போனதுதான் பிடித்தது.

அக்கா அடுத்த புடவையைப் பிரித்தார். வாடாமல்லி நிறம், மாம்பழ மஞ்சள் கரை. லைட்மேன் அண்ணன் ஸ்ட்ரிப் விளக்கில் கையை வைத்துக்கொண்டு, இதை நகர்த்துவதா வேண்டாமா என்று புகைப்படக்காரரைப் பார்த்தார். அவர் புடவையை வாங்கிக்கொண்டு நேரே நாற்காலி பக்கம் போனார்.

“ஐயா, இதுல பாவு என்ன நிறம்?”

“ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. ஆனா முந்தியில பாவை மாத்தியிருக்கோம், பாருங்க” என்று பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.