அளவுக்கு நின்ற மனிதர்

என் பக்கத்தின் முகப்புப் படத்தை ஏன் மாற்றினேன் என்று சிலர் உட்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். ஐந்தாண்டுகளாக அங்கிருந்தது ஜாவாத் தீவின் காவா இஜென் எரிமலைவாயில் நான் எடுத்த படம். இப்போது இருப்பது மகாபலேஷ்வர் மலைச்சாலையோரத்துக் கரும்பாறைச் சுவரும் அதில் சாய்த்து வைத்த ஒரு சுத்தியலும். "அவ்வளவு அழகான படத்தை நீக்கிவிட்டுப் பாறையைப் போட்டிருக்கிறாயே" என்று தோழி ஒருத்தி வருந்தியிருந்தாள். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே இடுகிறேன்.

நான் புணேயில் இருந்துகொண்டு தக்காண எரிமலைப் பாறைகளை ஆய்பவள். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளிலிருந்து அலையலையாய்ப் பெருகி உறைந்த குழம்பு அது. அரிப்பில் அழிந்தது போக இன்றும் ஏறத்தாழ ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. என் தொழிலில் நெருப்பு கிடையாது. குளிர்ந்துபோன குழம்பின் அடுக்குகளை எண்ணுவதும், மாதிரி உடைப்பதும், படம் எடுப்பதுமே என் வேலை.

அந்தப் படங்களுக்கு ஒரு விதி உண்டு. பாறையைப் படம் எடுக்கும்போது அளவு தெரிந்த ஒரு பொருளை அருகில் வைக்க வேண்டும். சிறிய படிகமென்றால் நாணயம், பாறை அடுக்கென்றால் சுத்தியல், மலைமுகடென்றால் உடன் வந்த மாணவர். அது இல்லாவிட்டால் ஒரு கையளவு கல்லும் நூறு மீட்டர்ச் சுவரும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். அளவுகோல் இல்லாத படம் ஆதாரமாகாது என்று முதல் களப்பயணத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பழக்கம் கைக்குள் இறங்கிவிட்டது. எங்கே நின்றாலும் கண் முதலில் தேடுவது அளவுக்கு ஏதாவது கிடைக்குமா என்பதைத்தான்.

2019 ஆகஸ்டில், சேமித்து வைத்திருந்த உதவித்தொகையில் கிழக்கு ஜாவாவுக்குப் போனேன். வாழ்நாளெல்லாம் எரிமலையைப் படித்துவிட்டு உயிருள்ள ஒன்றையாவது பார்க்காமல் இருப்பது, கடலைப் பாராத மீன்வளத்துறை மாணவரின் நிலை போன்றது என்று அப்போது எனக்குத் தோன்றியிருந்தது. பண்யுவாங்கி நகரிலிருந்து நள்ளிரவில் வண்டி. பால்டுடிங் என்னும் அடிவாரத்திலிருந்து விளிம்புவரை மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அங்கிருந்து செங்குத்தான கற்பாதையில் எரிமலைவாய்க்குள் இறக்கம். பார்வையாளர்கள் கீழே இறங்கக் கூடாதென்ற அறிவிப்புப் பலகை விளிம்பில் நிற்கிறது. அதைக் கடந்துதான் எல்லோரும் இறங்குகிறார்கள், நானும் இறங்கினேன். இறங்குமுன் எங்கள் வழிகாட்டி இரண்டு விஷயங்கள் சொன்னார்: முகமூடியைக் கழற்றாதீர்கள், சுமையோடு வருபவருக்கு வழிவிட்டுப் பாறைப்பக்கம் ஒதுங்குங்கள்.

இஜெனின் நீல நெருப்பைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நீலநிற எரிமலைக் குழம்பு என்று பலர் பகிர்கிறார்கள், அது தவறு. வெடிப்புகளிலிருந்து மிகுந்த வெப்பத்தோடு பீறிடும் கந்தக வாயு காற்றைத் தொட்டதும் பற்றிக்கொள்கிறது. அதன் ஒரு பகுதி திரவமாகி, எரிந்தபடியே சரிவில் வழிகிறது. கந்தகம் எங்கே எரிந்தாலும் நீலமாகவே எரியும். வெறுங்கண்ணுக்கு அது அடுப்பின் எரிவாயுச் சுடர்போலத் துடித்துத் துடித்து அணையும் ஒளி. படத்தில் ஆறுபோல் பாய்வதற்குக் காரணம், ஷட்டரைப் பல நொடிகள் திறந்து வைப்பது. நானும் அப்படித்தான் எடுத்தேன்.

அந்த நெருப்பின் அருகில்தான் வேலை நடக்கிறது. வாயுவைக் குழாய்களுக்குள் திருப்பிவிடுகிறார்கள். குழாயின் வாயில் கந்தகம் குளிர்ந்து செந்நிறக் கூழாகச் சொட்டி, இறுகி மஞ்சளாகிறது. கடப்பாரையால் அதைப் பெயர்த்து, இரு கூடைகளில் நிரப்பி, காவடித்தண்டில் கோத்துத் தோளில் ஏற்றுகிறார்கள். ஒரு நடைக்கு 70 முதல் 90 கிலோ. அந்தச் சுமையோடு எரிமலைவாயின் செங்குத்துச் சுவரில் ஏறி, பிறகு மூன்று கிலோமீட்டர் இறங்க வேண்டும். விளிம்புக்கு மேலே சிலரிடம் தள்ளுவண்டி இருந்தது. உள்ளிருந்து விளிம்புவரை தோள் மட்டுமே. அன்று கிலோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபியா என்று வழிகாட்டி சொன்னார். நம் பணத்தில் ஐந்து ரூபாய். இந்தக் கந்தகம் சர்க்கரையை வெளுக்கவும் ரப்பரைப் பதப்படுத்தவும் போகிறது.

விடியும் வேளையில் புகை விலகி ஏரி தெரிந்தது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலம். பச்சையும் நீலமும் குழைந்த பால்நிறம். அமிலத்தன்மையில் அதற்கு இணையான பெரிய ஏரி உலகில் வேறில்லை. ஏரி, அதன் பின்னே சாம்பல்நிறச் சுவர், நடுவே மஞ்சள் புகை. எல்லாம் இருந்தது, அளவுதான் இல்லை. அப்போது பாதையின் வளைவில் ஒருவர் காவடித்தண்டோடு ஏறி வந்தார். என் முக்காலி பாதையில் நின்றது. நான் கையை உயர்த்தினேன், ஒரு நிமிடம் என்பதுபோல. அவர் நின்றார். எடுத்தேன். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினேன். நன்றி சொன்னேன். தண்டு அழுத்தியிருந்ததால் தலையசைக்க முடியாமல் கண்களை மட்டும் தாழ்த்திவிட்டு அவர் கடந்து போனார். அடிவாரத்தில் கந்தகத்தில் வார்த்த ஆமை பொம்மை ஒன்றை வேறொருவரிடம் வாங்கினேன். அத்தோடு என் மனத்தில் கணக்கு நேராகிவிட்டது.

படம் நன்றாக வந்திருந்தது. மறு ஆண்டு ஒரு கருத்தரங்கச் சுவரொட்டியில் அதைச் சேர்த்தேன். கீழே எங்கள் துறை வழக்கப்படி ஒரு வரி: "அளவுக்கு: நிற்கும் மனிதர், ஏறத்தாழ 1.6 மீட்டர்." பார்த்தவர்கள் அந்த மனிதரின் கம்பீரத்தைப் பாராட்டினார்கள். இங்கே முகப்பில் வைத்தபோது நீங்களும் பாராட்டினீர்கள்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டுக் கொண்டுபோனேன். அப்பாவின் கைபேசியில் படங்கள் தெளிவாகத் தெரியாது. அவர் முப்பது ஆண்டுகள் நெல் குடோனில் மூட்டை சுமந்தவர். 75 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிப் பலகை மீது நடந்து லாரிக்குள் இறக்குவார். என் படிப்பு அந்த முதுகின் மேல் நடந்ததென்பதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஏரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இவரு ஏம்மா நிக்கிறாரு?"

"நிக்கலப்பா, நடந்து வர்றாரு."

"இல்லம்மா. ரெண்டு பாதமும் பக்கத்துல பக்கத்துல இருக்கு பாரு. கூடை ஆடல. பாரம் ஏத்துனவன் மேட்டுல நிக்க மாட்டான். நின்னா பாரம் ரெண்டு மடங்காயிரும். யாரோ வழிய மறிச்சிருக்காங்க."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மறித்தது யாரென்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அன்றிரவு மடிக்கணினியில் பழைய கோப்புகளைத் திறந்தேன். கேமரா ஒவ்வொரு படத்தோடும் நேரத்தையும் ஷட்டர் அளவையும் எழுதி வைக்கிறது. நான் ஒரு படம் எடுத்ததாகவே நினைவில் வைத்திருந்தேன், ஐந்து இருந்தன. முதலாவது 5 மணி 14 நிமிடம் 8 நொடி. ஐந்தாவது 5 மணி 15 நிமிடம் 41 நொடி. இடையில் 93 நொடிகள். வெளிச்சம் போதாததால் ஷட்டரை அரை நொடி திறந்து வைத்திருக்கிறேன். அரை நொடியில் நடப்பவர் கலங்கிப் புகையாகிவிடுவார். அவர் உருவம் கத்திமுனைபோல் தெளிவாக விழ வேண்டுமானால் அசையாமல் நிற்க வேண்டும். அதற்காகத்தான் ஐந்து முறை முயன்றிருக்கிறேன். மூன்றாவது படத்தில் அவருடைய இடக்கை தண்டைத் தாங்கப் போயிருக்கிறது. நான்காவதில் தலை குனிந்திருக்கிறது. இவை இரண்டையும் நான் ஒதுக்கியிருக்கிறேன். ஐந்தாவதில் தலை நிமிர்ந்திருக்கிறது. எல்லோரும் கம்பீரம் என்று சொன்ன அந்தப் பார்வை, நான் முடித்துவிட்டேனா என்று பார்த்த பார்வை. சுவரொட்டியின் வரியில் நானே எழுதியிருக்கிறேன், "நிற்கும் மனிதர்" என்று. எழுதும்போது அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை.

எரிமலைப் படங்கள் வேண்டாமென்று சொல்ல இதை எழுதவில்லை. காத்தியா, மோரிஸ் கிராஃப்ட் தம்பதியர் உலகின் எரிமலைகளையெல்லாம் மிக அருகில் சென்று படம்பிடித்தவர்கள். அவர்கள் உதவியோடு உருவான எரிமலை ஆபத்துகள் பற்றிய காணொளி 1991இல் பிலிப்பைன்சில் பினடூபோ மலையைச் சுற்றியிருந்த அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் காட்டப்பட்டது. அனல்மேகம் என்றால் என்னவென்று அவர்கள் கண்ணால் கண்டார்கள். அந்த ஜூன் 15ஆம் நாள் மலை பெருவெடிப்பாய் வெடிக்குமுன் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். படம் உயிர்காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஜூன் 3ஆம் நாள், ஜப்பானின் உன்சென் மலையில் அதே அனல்மேகம் கிராஃப்ட் தம்பதியரைக் கொன்றது. அன்று இறந்தவர்கள் 43 பேர். எங்கள் துறையில் அந்த இருவரையும் உடனிருந்த ஹாரி கிளிக்கனையும் எல்லோரும் அறிவோம். படம்பிடிக்க வந்திருந்த செய்தியாளர்கள் பலர் இறந்ததையும் அறிவோம். அவர்களை ஏற்றி வந்து காத்திருந்த வாடகை வண்டி ஓட்டுநர்களும், உள்ளூர்த் தீயணைப்புக் குழுவினரும், காவலர்களும் அந்த 43க்குள் இருக்கிறார்கள் என்பதை நான் வகுப்பில் கேட்டதாக நினைவில்லை. ஆபத்தைத் தேர்ந்தெடுத்து அருகில் சென்றவர்கள் சிலர். அவர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை நின்றிருந்தவர்கள் சிலர்.

இஜெனின் கந்தகம் சுமப்போரை அதே 1991இல் செபஸ்தியாவோ சல்காதோ படம்பிடித்தார். பொருளியல் படித்துவிட்டுக் கேமராவுக்கு வந்தவர். 1993இல் வெளிவந்த அவருடைய தொழிலாளர்கள் பற்றிய நூலில் அவை உள்ளன. அப்பா சொன்னதற்குப் பிறகு அந்தப் படங்களை மீண்டும் பார்த்தேன். அவற்றில் சுமைக்காகத்தான் மலை இருக்கிறது. என் படத்தில் ஏரிக்காக ஒரு மனிதர் இருந்தார். சுத்தியலை வைப்பதுபோல் அவரை வைத்திருந்தேன். சுத்தியல் 33 சென்டிமீட்டர். அதற்குத் தோள் வலிக்காது.

படத்தை அழிக்கவில்லை. அழித்தால் அந்த 93 நொடிகளும் சேர்ந்து அழியும். ஐந்து படங்களையும் வரிசையாக ஒரே தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் நேரத்தை எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இளைய மாணவர்கள் களப்பயணம் கிளம்பும்போது அதைக் காட்டுகிறேன். சொல்வது மிகச் சிறிய விஷயங்கள்தாம். முக்காலியைப் பாதையில் நிறுத்தாதீர்கள். சுமையோடு வருபவர் கடந்து போகட்டும். அவர் கலங்கி விழுந்தால் விழட்டும். பேச விரும்பினால் கூடையை இறக்கி வைக்கும் இடத்தில் பேசுங்கள், அங்கே பெயரையும் கேட்கலாம். நான் கேட்கவில்லை. ஆறாண்டுகளாக என்னோடு இருக்கும் ஒரு மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது.

சட்டமிட்ட படம் ஊரில்தான் இருக்கிறது. சென்ற வாரம் பேசும்போது அதைக் கழற்றிவிடச் சொன்னேன் அப்பாவிடம். "இருக்கட்டும்மா, நல்ல படந்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்த வளைவுக்கு அப்புறம் அவருக்கு எவ்வளவு தூரம் இருந்துச்சு?" என்று கேட்டார்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.