பளிங்கு மாளிகையில் ஒரு முற்பகல்

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் அவர்களை எங்கெங்கே அழைத்துச் செல்வது என்பது கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் பொதுவான கேள்வி. காளிகட்டம், தட்சிணேசுவரம், பேலூர் மடம், விக்டோரியா நினைவு மண்டபம் என்று நான்கு நாட்களில் பட்டியல் தீர்ந்துவிடுகிறது. சென்ற கார்த்திகையில் எங்கள் ஆத்தா வந்திருந்தபோது, இந்தப் பட்டியலில் இல்லாத ஓரிடத்திற்கு அவரை அழைத்துச் சென்றோம். அதுவே சோர்பாகான் பகுதியிலுள்ள பளிங்கு மாளிகை.

ஆத்தா இம்முறை வெறுங்கையோடு வரவில்லை. காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் பங்காளிகள் எழுதிய ஒரு கடிதமும் அவர் பையில் இருந்தது. அவ்வீட்டில் பதினொரு புள்ளிகளுக்குப் பங்கு உண்டு. ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை, கூரை ஒழுகுகிறது, செப்பனிடப் பணம் திரளவில்லை. ஆகவே வீட்டைப் பிரித்து, தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் விலைக்குக் கொடுத்துவிடலாம் என்றும், எங்கள் சம்மதக் கையெழுத்து மட்டுமே பாக்கி என்றும் எழுதியிருந்தார்கள். வந்து பத்து நாளாகியும் ஆத்தா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மாளிகையைக் காண முன்கூட்டியே சுற்றுலா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டுப் பெற்றோம். காளிகட்டத்தில் மெட்ரோ ரயிலேறி மகாத்மா காந்தி சாலை நிலையத்தில் இறங்கினால், முக்தாராம் பாபு தெரு நடை தூரந்தான். கைவண்டிகளும் பழைய காரை வீடுகளும் நெருங்கிய அத்தெருவில் நடக்கும்போது, உள்ளே இப்படியொரு அரண்மனை இருக்குமென்று எவரும் எண்ணமாட்டார். இரும்புக் கதவைத் தாண்டியதும் புல்வெளியும் சிலைகளும் நீரூற்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றுக்கு அப்பால் உயர்ந்த தூண்கள் வரிசையாக நிற்கும் வெண்ணிற முகப்பு எழுகின்றது.

இதனைக் கட்டியவர் ராஜா ராஜேந்திர மல்லிக். 1819-இல் பிறந்த அவர், 1835-இல் இம்மாளிகையைக் கட்டத் தொடங்கியபோது பதினாறு வயது இளைஞர்! நீலமணி மல்லிக் என்ற பெருவணிகரின் தத்துப் புதல்வர் அவர். தந்தையை இழந்தது சிறு பருவத்தில். அரசர் மரபில் வந்தவரல்லர். வாணிகத்தால் செழித்த குடும்பத்தில் வளர்ந்தவர். ‘ராஜா’ என்பது பிற்காலத்தில் ஆங்கில அரசு அளித்த பட்டம். இதைக் கேட்டதும் ஆத்தாவின் முகத்தில் முதன்முதலாக ஒரு மலர்ச்சி தோன்றியது. “நம்மளப் போலக் கொண்டுவிக்கிற வீடுதானா!” என்றார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் முதியவர்; வங்காளத்தில்தான் விளக்கினார். எங்கள் மகள் அதைத் தமிழாக்கி அப்பத்தாவுக்குச் சொல்லும் பொறுப்பை ஏற்றாள். இந்நகரிலேயே பிறந்து பள்ளியில் வங்காளம் பயின்ற அவளுக்கு அம்மொழி நீர்போல் வரும். தமிழோ வீட்டுப் பேச்சளவில் நிற்பது. நம் வீடுகள் பலவற்றிலும் இதுதானே நிலை!

தரையெங்கும் பளிங்கு. வெண்மை, கருமை, செம்மை, பழுப்பு எனப் பல நிறக் கற்களைப் பூவும் கொடியுமாகப் பதித்திருக்கிறார்கள். அயல்நாட்டிலிருந்து கப்பலில் வந்த கற்கள் இவை. கூடத்துக்குக் கூடம் ஆளுயரக் கண்ணாடிகள், சரவிளக்குகள், பெருங்கடிகாரங்கள், சீனத்துப் பூச்சாடிகள். மரத்தில் செதுக்கிய விக்டோரியா மகாராணியின் பேருருவம் ஒன்று பார்ப்போரைத் திகைக்க வைக்கிறது. ரூபன்ஸ் தீட்டியவை எனச் சொல்லப்படும் ஓவியங்களும் அங்கே உண்டு. ஈரக்காற்றில் சில படங்கள் மங்கியிருப்பது கண்டு வருந்தினோம். எடுத்துவந்து குவிப்பது ஒரு தலைமுறையின் வேலை. காப்பது பல தலைமுறைகளின் வேலை அல்லவா?

ஆத்தா ஓவியங்களின் முன் நிற்கவில்லை. குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். “நம்ம முகப்புல போட்டிருக்கிறதும் இத்தாலிக் கல்லுதான்” என்று மெல்லச் சொன்னார்.

பின்னர் நடுமுற்றத்திற்கு வந்தோம். வானம் திறந்த அகன்ற முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஒருபுறம் பூசைக்குரிய மண்டபம். வழிகாட்டி அதனை ‘உட்டோன்’ என்றார். மகள் அச்சொல்லைத் தமிழாக்க முயன்று, வாயடைத்து நின்றாள்.

“அப்பத்தா, வீட்டுக்கு நடுவிலே வானம் தெரியுமே, அதுக்கு நம்ம பேச்சிலே என்ன பேரு?”

“வளவு” என்றார் ஆத்தா. சற்றுப் பொறுத்து, “நீ பாத்ததே இல்லயே, ஆத்தா!” என்று அவள் தலையைத் தடவினார்.

அதன்பின் பேச்சு தானே பெருகிற்று. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்கள் வீட்டையே அந்த முற்றத்தில் எழுப்பிக் காட்டினார் ஆத்தா. பர்மாத் தேக்கு கடல் கடந்து வந்த கதையையும், சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்துச் சுவரை மெழுகிய கதையையும், பொங்கலன்று புள்ளிக்கொரு பானையாக வளவில் அடுப்பு மூட்டும் வழக்கத்தையும் சொன்னார். மகள் அவற்றை வங்காளத்தில் வழிகாட்டிக்குச் சொன்னாள். மாளிகையைக் காட்ட வந்தவர், இப்போது எங்கள் வீட்டைக் கேட்டு நின்றார்.

அவர் பதிலுக்குச் சொன்ன செய்திதான் எங்கள் உள்ளத்தில் தங்கியது. 1866-இல் ஒரிசாவைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது, உணவு தேடிக் கல்கத்தா வந்த மக்களுக்கு ராஜேந்திர மல்லிக் சோறிட்டார். ஏழைகளுக்கு உணவளிக்கும் அவ்வறம் இன்றும் இங்கே தொடர்கிறது. அவர் வழியினர் மாளிகையின் ஒரு பகுதியில் இன்றும் வசிக்கிறார்கள். வளாகத்திலுள்ள ஜகந்நாதர் ஆலயத்தில் பூசை நிற்கவில்லை. அவர் விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்தவர். 1876-இல் திறக்கப்பட்ட அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்கும் உதவியவர். அங்குள்ள மல்லிக் இல்லம் அவர் நினைவாகப் பெயர் பெற்றது.

“அப்ப இங்க அடுப்பு அணையல” என்றார் ஆத்தா. மறுமொழி கூற எங்களுக்கு நாவெழவில்லை. எங்கள் வளவில் அடுப்பெரிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீடு திரும்பும்வரை அவர் பேசவில்லை. இரவு உணவுக்குப் பின் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். “வீட்ட வச்சிருக்கணும்னு நான் சொல்லல. ஒழுகுற கூரைக்கு யாரு பணம் போடுறது? ஆனா ஒருத்தருக்கொருத்தர் முகம் பாக்காம, கடுதாசியிலயே பிரிக்க வேணாம். இந்தத் தைக்கு எல்லாரும் வரட்டும். பதினொரு பானையும் வளவுல ஏறட்டும். அதுக்கப்பறம் உக்காந்து பேசி, எது முடிவோ அதுக்குக் கையெழுத்துப் போடுவோம். இவளும் ஒரு தடவ பாத்துக்கிடட்டும்” என்றார்.

அவ்வாறே மற்றப் பத்துப் புள்ளிகளுக்கும் எழுதினோம். இதுவரை ஏழு பேர் வருவதாக இசைந்திருக்கிறார்கள். முடிவு எதுவாகும் என்று இப்போது சொல்வதற்கில்லை. தூண்கள் நிற்கலாம்; நில்லாமலும் போகலாம். ஆயினும் எங்கள் மகளுக்கு ‘வளவு’ என்னும் சொல் கிடைத்துவிட்டது. அச்சொல்லுக்குரிய இடத்தையும் ஒருமுறையேனும் அவள் காண்பாள்.

நம் சங்க அன்பர்களுக்கு ஒரு சொல். இம்மாளிகைக்குச் செல்ல விரும்புவோர் முதல்நாளே அனுமதிச் சீட்டுப் பெற்றுக்கொள்வது நலம். திங்களும் வியாழனும் விடுமுறை. உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. ஊரிலிருந்து வந்த பெரியவர்களையும் இங்கே பிறந்த குழந்தைகளையும் தவறாமல் சேர்த்தே அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டி சொல்வதை மட்டுமன்றி, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் செவிமடுத்துக் கேளுங்கள்.