ஹெட்போன்ல சத்தம் பத்தலையா?

வால்யூம் பூஸ்டர் ஆப் தேடறவங்க கொஞ்சம் நில்லுங்க. 300 ஓம் ஸ்டுடியோ ஹெட்போனுக்கு வேண்டிய வோல்டேஜை பெரும்பாலான போன்ல இருக்கற குட்டி ஆம்ப்ளிஃபையர் குடுக்காது. அதுக்குத் தனி ஆம்ப் வாங்கறது நியாயம். சாதா இயர்போனே பத்தலன்னா, முதல்ல அதோட வலையில அழுக்கு அடைச்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் காதுல குறும்பி. (பட்ஸ் போட்டுக் குடையாதீங்க, இன்னும் உள்ளதான் போகும்!)

உலக சுகாதார நிறுவனக் கணக்குல 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம். உட்செவியோட மயிர்செல்கள் செத்தா திரும்ப முளைக்காது.

ஒரு பக்கம் மட்டும் திடீர்னு மந்தமா கேக்குதா? இடது வலது மாத்தி மாட்டிப் பாருங்க. அதே காதுதான் மந்தம்னா கோளாறு போன்ல இல்ல. அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போயிடுங்க. நரம்புக் கோளாறா இருந்தா, ஸ்டீராய்டு எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்ளோ நல்லது.