பாகு திரளும் நேரம்

பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் வெல்லம் காய்ச்சும் இடத்தை யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. வெயிலில் பரப்பிய கரும்புச் சக்கையும் காற்றில் வரும் பாகு வாசனையும் வழி காட்டிவிடும். இந்த வட்டாரத்துக் கரும்பு திருவாலங்காடு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் போகிறது, இப்படிக் கொப்பரைக்கும் வருகிறது. 1960-இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அடுப்படியில் அந்த எல்லை இன்னும் வந்து சேரவில்லை. என்னிடம் தமிழில் பேசியவர், குழியில் இறங்கிச் சக்கை தள்ளுகிறவரைத் தெலுங்கில் விரட்டினார்.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் எழுதுகிறவன் நான். திண்மம், நீர்மம், வாயு என்று மூன்று கட்டம் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். கொப்பரை முன்னால் நிற்கிறவருக்கோ அந்தக் கட்டங்களுக்கு நடுவில் இருப்பதுதான் வேலையே.

கொட்டகையில் கரும்பு பிழியும் ஆலையிலிருந்து வரும் சாறு பச்சையும் சாம்பலுமாகக் கலங்கித்தான் இருக்கும். ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரை. ஒரு லிட்டரை நிறுத்தால் ஏறக்குறைய 1.08 கிலோ இருக்கும். கரைந்த சர்க்கரை எத்தனை நாள் ஆனாலும் அடியில் தங்காது. மண்ணும் தூசும் தங்கும். பாடநூல் சொல்லும் கரைசலும் தொங்கலும் இங்கே ஒரே பாத்திரத்தில் கிடக்கின்றன.

சூடு ஏறும்போது சுண்ணாம்புத் தண்ணீரும், இடித்து ஊறவைத்த வெண்டைத் தண்டின் கொழகொழப்பும் விழுகின்றன. சற்று நேரத்தில் மேலே அழுக்கு திரண்டு கெட்டியாக மிதக்கிறது. அழுக்கு கனமானதாயிற்றே, ஏன் மிதக்கிறது? சூட்டிலும் சுண்ணாம்பிலும் திரளும் புரதமும் தூசும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளைப் பிடித்துக்கொள்கின்றன. குமிழியும் சேர்ந்த மொத்த அடர்த்தி சாற்றைவிடக் குறைந்துவிடுகிறது. நீண்ட கைப்பிடி போட்ட துளைக் கரண்டியால் அதை வழித்து எடுக்கிறார்கள். கொதி முற்றுவதற்குள் எடுத்தாக வேண்டும். முற்றிவிட்டால் அழுக்கு உடைந்து மறுபடி சாற்றில் கலந்துவிடும்.

அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரை விரட்டும் வேலை. கொட்டகை நிறைய வெள்ளையாக எழுகிறதே, அது நீராவி அல்ல. ஆவி கண்ணுக்குத் தெரியாது. வெளிக்காற்றில் குளிர்ந்து மீண்டும் துளியானதைத்தான் பார்க்கிறோம். தண்ணீர் குறையக் குறையக் கொதிநிலை 100 டிகிரியில் நிற்பதில்லை. சர்க்கரை மிச்சத் தண்ணீரை விடாமல் பிடிக்கிறது. 118 டிகிரி வாக்கில்தான் பதம். தெர்மாமீட்டர் எதுவும் கண்ணில் படவில்லை. பாகு பொங்கி வந்தால் இரண்டு சொட்டு எண்ணெய், நுரை அடங்கிவிடுகிறது.

"பதத்தை எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?" என்றேன்.

"குமிழி பெருசாகி, சோம்பேறி மாதிரி வெடிக்கும் சார். அப்புறம் இதுதான்" என்று குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார். சொட்டு முங்கிப் போய் அடியில் கரைந்து பரவியது. "இன்னும் வரல." கொஞ்சம் பொறுத்து விட்ட சொட்டு அப்படியே உருண்டு நின்றது. எடுத்துக் கொப்பரை விளிம்பில் அடித்தார், டக்கென்று சத்தம். அடுத்த நொடியே கொப்பரை இறங்கியது. பிந்தினால் கருகிவிடும்.

மரத் தொட்டியில் கொட்டித் துடுப்பால் கிளறுகிறபோது பாகு மங்கி மணல் மணலாகிறது. சர்க்கரைப் படிகங்கள் பிறக்கின்றன. சீக்கிரம் உருட்டினால் கையில் ஒட்டும், தாமதித்தால் உதிரும். சர்க்கரை ஆலையில் இதே படிகங்களைச் சுழலும் இயந்திரத்தில் போட்டு மொலாசஸைப் பிரித்து எறிகிறார்கள். வெல்லத்தில் இரண்டும் சேர்ந்தே இறுகுகின்றன. வெட்டிய கரும்பு நாள்கணக்கில் கிடந்துவிட்டால் சர்க்கரை உடைந்து படிகம் பிடிக்க மறுக்கும். எவ்வளவு கிளறினாலும் பிசின்தான்.

100 கிலோ கரும்புக்கு 10 கிலோ வெல்லம் கண்டால் நல்ல கணக்கு. இவ்வளவு கவனமாகச் செய்ததை மண்டியில் நிறத்தை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள் என்பது எனக்கு உறைத்தது. வெளுப்பாக வேண்டுமென்று ஹைட்ரோஸ் என்னும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைப் போடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. வெளுத்த வெல்லம் சுத்தம் என்று நினைக்கிற நம்மைத்தான் முதலில் குறை சொல்ல வேண்டும். இங்கே அன்று உருட்டியது நல்ல பழுப்பு.

"இதுக்குக் கம்மியாத்தான் கேப்பாங்க சார்" என்றபடி அவர் அடுத்த கொப்பரைக்குச் சாற்றைத் திறந்துவிட்டார்.