பாரிஸ் ஃபைல்ல இருந்த ‘ஆஞ்சைனா’

பிரான்ஸ்ல பிள்ளைங்க இருக்கிற வீடுகளுக்காக இந்தத் த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

விம்கோ நகர்ல இருந்து ஓபிக்கு ஒரு அம்மா வந்தாங்க (அடையாளங்களை மாத்தியிருக்கேன்). பாரிஸ்ல மக வீட்ல இருந்துட்டு வந்தவங்க. கையில ஃபிரெஞ்சு ஃபைல். “எங்கம்மா ஹார்ட் பேஷன்ட்”ன்னு பையன் சொன்னார். ஃபைல்ல அப்படியே ஆஞ்சைனா மாதிரி ஒரு வார்த்தை. கடைசி எழுத்து மட்டும் ‘ஏ’க்குப் பதிலா ‘ஈ’. அதைப் படிச்சுட்டு நாலு மாசமா அந்தம்மாவை மாடிப்படி ஏற விடல, மார்க்கெட் போக விடல. உட்கார்ந்தே இருந்ததுல சுகர் ஏறினதுதான் மிச்சம்.

அந்த வார்த்தைக்குக் கீழேயே மருந்தும் இருந்தது. அமாக்ஸிசிலின், 6 நாள். ஹார்ட்டுக்கு யாருங்க ஆறு நாள் ஆன்டிபயாடிக் குடுப்பாங்க?

ஃபிரெஞ்சுல அதை ‘ஆன்ஜீன்’னு சொல்லணும். தொண்டைப் புண், டான்சில் வீக்கம், அவ்ளோதான். இதய வலின்னா கூடவே நெஞ்சுங்கிற வார்த்தையையும் சேர்த்து ‘ஆன்ஜீன் து புவாத்ரீன்’னு எழுதுவாங்க. ரெண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல். எங்க சர்ஜரி புத்தகத்துலயே லுட்விக்ஸ் ஆஞ்சைனான்னு ஒண்ணு உண்டு. தாடைக்கு அடியில வர்ற இன்ஃபெக்‌ஷன் அது, ஹார்ட்டுக்கு சம்பந்தமே கிடையாது.

பேப்பரை மட்டும் நம்பாம ஈசிஜி எடுத்து, மெடிசின் டாக்டர்கிட்டயும் காட்டினப்புறம்தான் நடக்கச் சொன்னோம். “அப்ப மீன் வாங்க நானே போலாமா டாக்டரு?”ன்னாங்க.

மீன்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன். ஃபிரெஞ்சுல மீன் ‘புவாஸோன்’. எழுத்துல பார்த்தா நம்ம ‘பாய்சன்’தான், ஒரு ‘எஸ்’ கூடுதல். ஒரே எஸ் இருந்தா அங்கயும் விஷம்தான், வண்டு ரீங்காரம் மாதிரி அதிரும். ரெண்டு எஸ் இருந்தா மீன், பாம்பு சீறுற மாதிரி ‘ஸ்ஸ்’. அலர்ஜி பக்கத்துல அந்த வார்த்தையைப் பார்த்தா மீன் குழம்பை நிறுத்துங்க. காசிமேட்டுப் பக்கம் இருந்துக்கிட்டு கஷ்டம்தான், வேற வழியில்ல.

‘ர்யூம்’னா சளி. அதே எழுத்துல கடைசி ஈ இல்லாட்டி ‘ரோம்’, அதாவது ரம், சரக்கு. ‘இன்டாக்சிகேஷன்’ மாதிரி இருக்கிறதைப் பார்த்து “அப்பா குடிச்சிருக்காரு”ன்னு சண்டைக்குப் போகாதீங்க. பக்கத்துல ‘அலிமான்தேர்’னு இருந்தா அது ஃபுட் பாய்சன்.

எண்கள்தான் இன்னும் மோசம். ‘டென்ஷன் 13/8’னு இருந்தா மனசு டென்ஷன் இல்ல, பிபி. அங்க சென்டிமீட்டர்ல சொல்றது வழக்கம். நம்ம கணக்குல 130/80. சுகர் ‘1,20’ன்னா லிட்டருக்கு 1.20 கிராம், அதாவது நம்ம 120. புள்ளிக்குப் பதிலா அங்க கமா போடுவாங்க. மாத்திரை அளவுல ‘2,5’ஐ 25ன்னு படிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அங்க இருந்து கிளம்பும்போதே மாத்திரைகளோட ஜெனரிக் பேரும் அளவும் எழுதி வாங்கிக்கங்க. ஃபைலைத் தூக்கிப் போடாம டாக்டர்கிட்ட கொண்டு வாங்க. நீங்களா படிச்சு மாத்திரையை நிறுத்தவும் வேணாம், ஆரம்பிக்கவும் வேணாம். நெஞ்சு வலின்னா ஃபைல் தேடாதீங்க, உடனே 108.