வரவேற்பறைப் பெட்டியும் புதிய ரூட்டரும்



புக்கிட் செலம்பாவ் வட்டாரப் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "சார், பையன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் கைப்பேசிய கீழ வைக்க மாட்டேங்கிறான். நேரம் வச்சுப் பூட்டுற ரூட்டர் வாங்கி மாட்டினோம். அப்படியும் இணையம் ஓடுது. எப்படி சார்?"

சுங்கைப்பட்டாணிக்குச் சென்றால் ரூட்டர் வாங்கிவிடலாம். இணைய நிறுவனம் ஏற்கெனவே வீட்டில் பொருத்திச் சென்ற பெட்டியோடு அதனை எவ்வாறு இணைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எங்கள் வீட்டிற்கு இரண்டாவது ரூட்டர் வந்தது, 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர்தான். எங்களுடையது நீளமான வரிசை வீடு. பெட்டி முன்கூடத்தில், நான் பாடம் நடத்தியதோ இரண்டு செங்கற்சுவர்கள் தாண்டிய பின்னறையில். மாணவர் முகம் பாதியிலேயே உறைந்து நிற்கும்.

மோடம், வெளியிலிருந்து வரும் கம்பியின் சமிக்ஞையை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றவாறு மாற்றித் தருவது. ரூட்டர், ஒரே இணைப்பைப் பல கருவிகளுக்குப் பங்கிடுவது. நிறுவனங்கள் தரும் பெட்டிகள் பலவற்றில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இதனை எளிதாக விளக்கலாம். அக்காலத்தில் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்திற்கு வரும். கிராணியார் பிரித்துக் கொடுப்பார். ரூட்டரும் ஒரு கிராணியே. பழைய இணைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதா. ஆகவே வெளியே ஒரே முகவரி, உள்ளே 192.168 எனத் தொடங்குவது போன்ற தனி எண்கள்.

பெட்டியின் பின்புறத் துளையிலிருந்து கம்பியை இழுத்துப் புதிய ரூட்டரின் 'வேன்' துளையில் செருகினால், ஒரே வீட்டில் இரண்டு கிராணியார் அமர்ந்துவிடுகின்றனர். இணையம் வரும், வகுப்பும் நடக்கும். ஆனால் பழைய வைஃபையில் இருக்கும் அச்சுப்பொறியைப் புதிய வைஃபையில் இருக்கும் மடிக்கணினி பெரும்பாலும் தானாகக் கண்டுகொள்ளாது. இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியை வைத்துக்கொண்டால் இணைப்பே குழம்பும், ஒன்றை 192.168.2.1 என மாற்ற வேண்டும்.

பின்னறைக்கு வைஃபை எட்டினால் போதும் என்போர், புதிய ரூட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' நிலைக்கு மாற்றிவிடலாம். பங்கிடும் வேலை பழைய பெட்டியிடமே இருக்கும். ஆனால், இந்நிலையில் பல ரூட்டர்களில் நேரக் கட்டுப்பாடு வேலை செய்யாது. இதனைக் கடைக்காரர் சொல்வதில்லை!

இனி அந்தப் பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். புதிய ரூட்டரை இரவு பத்து மணிக்குப் பூட்டினாலும், முன்கூடத்துப் பெட்டியின் வைஃபை விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கடவுச்சொல் பெட்டியின் அடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். பெட்டியைத் திருப்பிப் பார்க்கப் பையனுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். நிர்வாகக் கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள்.

பெட்டியைப் 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றி வெறும் மோடமாக்குவது இதனினும் சீரானது. அப்போது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய ரூட்டரில் இட வேண்டியிருக்கும். அவற்றை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். யூனிஃபை இணைப்பாயின் இணையத்திற்கான வி-லேன் எண் 500. வீட்டுத் தொலைபேசி அதே பெட்டியில் செருகப்பட்டிருந்தால், மாற்றும் முன் அதுபற்றியும் விசாரியுங்கள்.

கைப்பேசியில் சிம் அட்டை வழி வரும் இணையத்தை எந்த ரூட்டரும் பூட்டாது. அதனை மகளோடு பேசித்தான் முடித்தோம். எங்கள் வீட்டில் இரவு பத்து மணி. தேர்வுக் காலத்தில் மட்டும் அவள் கேட்டுக்கொண்டபடி பதினொன்று.